உதடு ஒட்டுகிற சொல்

சிரிங்க சார், பரவாயில்லை. நான் எட்டிப் பார்க்கிறேன் என்று போனைத் திருப்ப வேண்டாம். அந்தத் துண்டு வீடியோ எனக்கு மனப்பாடம். ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். 'என்னை மன்னிச்சிருங்கப்பா' என்று ஒரு குரல் வரும். அடுத்த நொடி எவனோ ஒரு கோமாளி, பொங்கி வழிந்த பால் பாத்திரத்துக்கு முன்னால் கைகட்டி நிற்பான். நேற்று வந்ததில் ஒருத்தன் பஞ்சரான டயரிடம் மன்னிப்புக் கேட்கிறான். முந்தாநாள் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையே மைக்கைப் பிடித்துச் சொல்கிறான், மண்டபமே உருண்டு சிரிக்கிறது.

அந்த வரியைப் போட்டது நான்தான் சார்.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? நான்தான். தவசிமுத்து. சாலிகிராமத்தில் போய் தவசிமுத்து என்றால் ஒருத்தனுக்கும் தெரியாது. 'வாய் தவசி' என்று கேளுங்க, டீக்கடைக்காரன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து வீட்டைக் காட்டுவான். வெளிநாட்டுப் படம், தொடர் எது வந்தாலும் அதற்குத் தமிழ் வாய் வைக்கிறவன் நான். ஆள் பிடிப்பது, பேச வைப்பது, வெள்ளைக்காரன் உதட்டுக்குள் நம் சொல்லை உட்கார வைப்பது, எல்லாம். பதினாலு வயதில் பரமக்குடியிலிருந்து டிக்கெட் இல்லாமல் வந்தவன். டப்பிங் தியேட்டர் வாசலில் செருப்பு அடுக்கினேன். கூட்டத்தில் கத்துவதற்கு ஓர் ஆள் குறைகிறது என்று ஒருநாள் உள்ளே தள்ளினார்கள். 'ஐயையோ, தீ, தீ!' அதுதான் என் முதல் வசனம். அன்றிலிருந்து இந்த வாய்தான் சோறு போடுகிறது. பேரத்தில் என்னை ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை. ஐம்பது நாள் கேட்டு வாங்குவேன், இருபத்தாறு நாளில் முடித்துக் கொடுப்பேன், அவனே எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவான்.

அந்த வரி வருகிற தொடர், அதற்கு மூலமான கம்ப்யூட்டர் விளையாட்டை நீங்க ஆடினவர்தானே? சேலத்தில் ஏறும்போதே பார்த்தேன், பையில் அந்தக் கதவுப் படம் ஒட்டியிருக்கிறது. மூன்று பாகமும் முடித்தவரா? அடேயப்பா. அப்படியென்றால் கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் நான் புரிந்துகொண்ட மாதிரி சொல்கிறேன், கேளுங்க. நீங்க ஆடினது வேறு, நான் பார்த்தது வேறு.

உப்பு மழை பெய்து உலகம் செத்துப் போகிறது. நிலத்துக்கு அடியில் ஓர் ஊர். நானூறு பேர். ஊருக்கு ஒரே கதவு. அந்தக் கதவைப் பார்த்துக்கொள்கிறவன் ஒருத்தன். மழை வருகிற அன்றைக்கு அவன் பொண்டாட்டி வெளியே இருக்கிறாள், ஓடி வருகிறாள். சாத்திவிட்டான். ஆறு வயதுப் பெண் உள்ளே நின்று பார்க்கிறது. அதற்குப் பிறகு மூன்று பாகமும் இந்த இரண்டு பேரும்தான், தண்ணீர் தேடி, உப்புக்குள் நடந்துகொண்டே. அந்தப் பெண் அவனை அப்பா என்று ஒரு தடவைகூடக் கூப்பிட மாட்டாள். 'கேட்மேன்' என்பாள்.

சாத்தாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நானூறு பேரும் செத்திருப்பார்கள். அதை எவனாவது பேசுகிறானா? அவனவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு 'பாவி, கதவைச் சாத்திட்டான்' என்கிறான். அவன் நிலைமையில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

சரி. இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த விளையாட்டைத் தொடராக எடுத்தார்கள். தமிழுக்குக் கொண்டுவர கம்பெனி என்னைக் கூப்பிட்டது. கூப்பிட்டவன் சொன்னான், 'தவசி சார், இதுக்குத் தமிழ்ல ஏற்கெனவே ஒரு பொண்ணு எழுதி வச்சிருக்கு. விளையாட்டு மூணுக்கும் திரையில கீழே வர்ற தமிழ் எழுத்து பூரா அது எழுதினதுதான். ஒன்பது வருஷம், சும்மாவே எழுதியிருக்கு. ஆடுற பசங்க பூரா அந்தப் பொண்ணுதான் வசனம் எழுதணும்னு கம்பெனிக்கு லெட்டர் மேல லெட்டர் போடுறாங்க. பிடிச்சுக் கொடுங்க.' பெயர் என்னவென்று கேட்டேன். 'நிறைன்னு போட்டிருக்கு, சேலம்' என்றான்.

நிறைமதி. என் மகள்.

அப்படி வாயைத் திறக்காதீங்க. ஆமாம், அந்த நிறைதான். நீங்க படித்துப் படித்து ஆடினீங்களே, அந்த எழுத்து என் ரத்தம். நான் பள்ளிக்கூடத்தில் ஏழு தாண்டவில்லை. அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீங்க?

அவள் என்னோடு வளரவில்லை. ஒன்பது வயதில் அவள் அம்மா சுசீலா கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் போய்விட்டாள். அம்மாபேட்டையில் தையல் மிஷின் வைத்திருக்கிறாள். ஏன் போனாள் என்றால், பெரிய காரணம் ஒன்றும் இல்லை சார். எனக்குக் கோபம் வரும். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டில் ஏதோ சண்டை, இரண்டு பேரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். மழை பெய்தது. நானா மழையை வரச் சொன்னேன்? இரண்டு மணி நேரம் இருக்கும். எனக்கு ரெக்கார்டிங் இருந்தது, பின்பக்கமாகப் போய்விட்டேன். திரும்பி வந்தால் இரண்டு பேரும் இல்லை. அவ்வளவுதான். தெருவில் எத்தனை வீட்டில் நடக்கிறது.

அப்புறம் பதினேழு வருஷம். மூன்று கல்யாணத்தில் பார்த்தேன். பந்தியில் தள்ளி உட்கார்ந்திருப்பாள்.

போன் போட்டேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள்! வடபழனியில் ஒரு ஹாஸ்டலில் தங்கி, தினம் காலையில் ஒன்பதே காலுக்கு ஸ்டுடியோவில் இருப்பாள். விளையாட்டுக்காக வந்தாள் என்று சுசீலா சொல்கிறாள். நான் நம்பவில்லை. விளையாட்டுக்காக ஒருத்தி நான்கு மாதம் ஹாஸ்டல் சாம்பார் சாப்பிடுவாளா? அப்பனைப் பார்க்க வந்தாள். வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், அதுவும் என் குணம்தான்.

ஸ்டுடியோவில் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். முதல் நாளே கவனித்தேன். பெருமையாக இருந்தது. தொழில் இடத்தில் உறவு கொண்டாடக் கூடாது என்று தெரிந்த பெண். மத்தியானம் எலுமிச்சை சோறு கட்டிக்கொண்டு வருவாள். இன்ஜினியர் இம்தியாஸுக்குப் பாதி. கதையில் வருகிற மகளுக்குக் குரல் பேசுகிற ரோசலினுக்குக் கொஞ்சம். எனக்குத் தர மாட்டாள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது அல்லவா, சோறு ஆகாது. நான் சொன்னதில்லை, எப்படியோ தெரிந்துவைத்திருக்கிறாள்.

அவள் எழுத ஒத்துக்கொள்ளும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். சம்பளம் கேட்கவில்லை, நாள் கேட்கவில்லை. 'சார், கேட்மேன்ங்கிற இடத்துல எல்லாம் நான் எழுதின சொல்லுதான் வரணும். அதை மாத்தக் கூடாது. மத்தது நீங்க சொல்றபடி' என்றாள்.

அவள் எழுதியிருந்த சொல் உங்களுக்குத் தெரியுமே. கதவுக்காரர். 'கதவுக்காரரே, தண்ணி தீர்ந்துருச்சு.' 'கதவுக்காரரே, நீங்க முன்னாடி நடங்க.' மரியாதையைக் கவனிச்சீங்களா? நீங்க, வாங்க, போங்க. பெற்றவனை ஒரு பெண் அப்படி மரியாதையாகப் பேசினால் முதுகில் ஐஸ் வைத்த மாதிரி இருக்கும். அதுதான் அவள் எழுத்து. நான் கேட்டேன், 'ஏம்மா, கேட்மேன்னா காவல்காரர்னுதானே சொல்லுவோம், அது என்ன கதவுக்காரர்?' அவள் பேப்பரைப் பார்த்துக்கொண்டே, 'காவல்காரர்னா காப்பாத்துறவர் சார்' என்றாள். அவ்வளவுதான் பதில். எழுதுகிறவர்களுக்கு என்று ஒரு கிறுக்கு இருக்கும். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

சரி என்று தலையாட்டினேன். இங்கேதான் சார் தொழில் தெரியாதவர்கள் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒருத்தர் வாய் திறந்து முதலில் சொல்கிறது எப்போதுமே பேரத்தின் ஆரம்பம். பத்து நிபந்தனை போட்டால் ஏழு விட்டுக்கொடுப்பான். ஒன்றே ஒன்றுதான் என்று நின்றால், அதில் அரை விட்டுக்கொடுப்பான். நான் நாற்பது வருஷம் பார்த்த உலகம் இது. சரி என்று நான் சொன்னதும் அந்தக் கணக்கில்தான்.

கண்டக்டர், அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விடுங்க, வெயில் மூஞ்சியில் அடிக்கிறது. ஆத்தூர் தாண்டிவிட்டோமா? இருக்கட்டும்.

ஏழு எபிசோட் வாக்குத் தவறவில்லை. கதவுக்காரரே, கதவுக்காரரே என்று ரோசலின் பேசிப் பேசி நாக்கு தேய்ந்தது. ஆறு எழுத்து ஏழு எழுத்து இழுக்கிற சொல், அங்கே வாய் இரண்டே அசைவு அசைகிறது. முக்கால்வாசி இடத்தில் அந்தப் பெண் உப்புக்காக முகத்தில் துணி கட்டியிருந்ததால் தப்பித்தோம். எட்டாவது எபிசோடில் மாட்டியது.

கடைசிக் காட்சி. அந்தப் பெண் வளர்ந்துவிட்டாள். இப்போது கதவு அவள் கையில். கிழவன் வெளியே எங்கெங்கோ போய், உடம்பு பூரா உப்போடு வந்து தட்டுகிறான். அவள் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்க்கிறாள். திரையில் வாய் மட்டும், இத்தனை பெரிசு, நான்கு அடி உதடு. 'கேட்மேன்.' உதடு ஒட்டுகிறது சார்! 'மே'யில் மேல் உதடும் கீழ் உதடும் ஒட்டிப் பிரிகிறது. கதவுக்காரரே என்று சொல்லிப் பாருங்க. சொல்லுங்க. எங்கேயாவது ஒட்டுகிறதா? ஒட்டாது. இப்போது அப்பா என்று சொல்லிப் பாருங்க.

பார்த்தீங்களா.

அதைப் பேசிவிட்டு அவள் திரும்பிக்கொள்கிறாள். கதவில் முதுகைச் சாய்த்து நிற்கிறாள். பதினொரு விநாடி. ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் திரை கறுப்பு. திறந்தாளா இல்லையா, தெரியாது. நீங்க ஆடினபோது அந்த இடத்தில் ஏதோ பித்தானை அழுத்த வேண்டுமாமே? அழுத்துகிறவன் அழுத்தலாம், விடுகிறவன் விடலாம் என்று? நீங்க என்ன செய்தீங்க? சொல்ல மாட்டீங்களா? இது என்ன சார், ஓட்டுப் போட்ட மாதிரி மறைக்கிறீங்க.

எங்கள் தொழிலில் முதுகு கிடைப்பது அதிர்ஷ்டம். முகம் தெரியும்போது உதட்டுக்கு அடிமை. ஆள் திரும்பிவிட்டால் என்ன வேண்டுமானாலும் பேச வைக்கலாம், எவனும் கண்டுபிடிக்க முடியாது. முதுகு காட்டினால் வசனம் போடு. ஒவ்வொரு டப்பிங்காரனுக்கும் கை துறுதுறுக்கும். பதினொரு விநாடி முதுகைச் சும்மா விட்டவன் ஊரில் கிடையாது.

அன்றைக்கு நிறைமதி இல்லை. காய்ச்சல் என்று ஹாஸ்டலில் படுத்திருந்தாள். நானும் இம்தியாஸும் ரோசலினும்தான். அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்தோம். ஒருதடவை, இரண்டு தடவை. கிழவன் வெளியே நிற்கிறான், உப்பு கண்ணிமையில் ஒட்டியிருக்கிறது. எத்தனை வருஷம் நடந்து வந்திருக்கிறான். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா அவள்? பெற்ற பெண், ஒரு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா?  சொன்னேன், 'ரோசலின், இந்த இடத்துல அப்பான்னு சொல்லு. திரும்பின உடனே, மூச்சை இழுத்து, என்னை மன்னிச்சிருங்கப்பான்னு சொல்லு.'

ரோசலின் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். 'அண்ணே, மதியக்கா ஒத்துக்கிட்டாங்களா?'

'லிப் ஒட்டணும்மா. பேசு.'

'மன்னிப்பு இவ எதுக்குண்ணே கேக்கணும்? கதவைச் சாத்துனது அந்த ஆளுல்ல?'

'உனக்குச் சம்பளம் பேசுறதுக்கா, கதை கேக்குறதுக்கா?' என்று ஒரு சத்தம் போட்டேன். பேசினாள். முதல் டேக்கிலேயே அழுகை வந்தது அவளுக்கு. நல்ல கலைஞர். இம்தியாஸ் மட்டும் என்னைப் பார்க்காமல் பித்தான்களைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

உலகத்தில் முப்பது பாஷையில் அந்தக் கதவு இன்னும் மூடியே கிடக்கிறது. தமிழில் மட்டும் நான் திறந்து வைத்தேன் சார்.

வெள்ளிக்கிழமை தொடர் வந்தது. எங்கள் தெரு இஸ்திரிக்காரர் பார்த்துவிட்டு அழுதார், பொய்யில்லை, பெட்டியைச் சட்டைமேல் வைத்ததை மறந்து அழுதார், சட்டை போயிற்று. அவரைக் கேட்டால் தெரியும் அந்த வரியின் அருமை. ஆனால் இந்த ஆடுகிற பசங்க இருக்கிறார்களே, உங்களைச் சொல்லவில்லை, சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தார்கள். பதினைந்து வருஷமாக நாங்கள் சண்டை போட்ட கேள்வியை ஒரே வரியில் கெடுத்துவிட்டார்கள் என்று. பாதிக்கப்பட்டவள் மன்னிப்புக் கேட்பதா என்று. அப்புறம் பால் பாத்திரம், டயர், மாப்பிள்ளை.

இதில் ஒரு சின்னக் கோளாறு. கடைசியில் ஓடுகிற எழுத்தில் 'தமிழ் வசனம்: நிறைமதி' என்று இருந்தது. நான்தான் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன், தனித் திரையில், வேறு பெயர் கூட வராமல். பேசி வாங்கிக் கொடுத்தேன். அதனால் அத்தனை வசவும் அவள்மேல் விழுந்தது. 'நிறை கம்பெனிக்கு வித்துட்டா.' 'ஒன்பது வருஷம் நம்பினோம், துரோகி.' இன்னும் என்னென்னவோ, பெண்பிள்ளையைப் பற்றி எழுதக் கூடாததெல்லாம். நீங்களும் எழுதினீங்களா? இல்லையா? சரி, நம்புகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் போன் போட்டாள். குரலில் காய்ச்சல் இன்னும் இருந்தது.

'சார், அந்த வரி யாரு போட்டது?'

'லிப் ஒட்டலைம்மா. உதடு இம்மாம் பெரிசா தெரியுது. அப்பான்னாதான் ஒட்டுது, நீயே சொல்லிப் பாரு.'

'மன்னிச்சிருங்கப்பா?'

'அதுவும் லிப்தான்.'

 அப்புறம் கேட்டாள், 'முதுகுக்கு ஏது சார் லிப்பு?'

 இத்தனை வருஷத்தில் என்னை வாயடைத்தது அவள் ஒருத்திதான். கோபம்கூட வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. பேசத் தெரிந்த பிள்ளை.

அவள் கேட்டது ஒரு வாக்கியம். 'அந்த வரியைப் போட்டது நான், நிறைமதிக்குத் தெரியாது. இதை நீங்க உங்க முகத்தைக் காட்டிச் சொல்லி ஒரு வீடியோ போடுங்க சார். வேற ஒண்ணும் வேண்டாம். நானே என்னோடது இல்லைன்னு எழுதிட்டேன், யாரும் நம்பலை. நீங்க சொன்னா நம்புவாங்க.' சொல்கிறேன் என்றேன். சத்தியமாகச் சொல்வதாகத்தான் இருந்தேன்.

இம்தியாஸ் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தயாராவதற்குள், என்னதான் எழுதியிருக்கிறார்கள் பார்ப்போம் என்று அவள் பதிவுக்குக் கீழே வந்திருந்த வசவைப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. யாரைப் பார்த்து யாரடா பேசுவது? எழுதத் தெரிந்தவளைப் பார்த்து, மூக்கு ஒழுகுகிற பையன்கள் துரோகி என்பதா? கேமராவைப் பார்த்துக் கத்தினேன். 'ஆமாண்டா, என் பொண்ணு எழுதினதுதான்! ஒவ்வொரு எழுத்தும் அவ எழுத்து! பெத்தவனை மன்னிக்கிற மனசு உங்களுக்கு இருந்தாத்தானே அந்த வரி புரியும்! நான் அவ அப்பன், பெருமையா சொல்றேன்!' ஒரே டேக். மூச்சு விடாமல். நான் பேசியதிலேயே அதுதான் சிறந்த டேக் என்பேன். இம்தியாஸ், 'அண்ணே, அவங்க கேட்டது வேறல்ல?' என்றான். போடுடா என்றேன். போட்டுவிட்டான்.

ஒரு அப்பன் ஊருக்கு முன்னால் தன் பிள்ளைக்காக நிற்கிறான். வேறு என்ன செய்ய முடியும்?

ஆமாம், அவள் 'என்னோடது இல்லை' என்று எழுதியிருந்தாள்தான். நான் 'அவளோடதுதான்' என்றேன்தான். அதனால் அவள் பொய்க்காரி ஆகிவிட்டாள் என்கிறார்கள். தலை சுற்றுகிறது சார் உங்கள் பசங்க நியாயம். வீடியோவை எடுத்துவிடலாமே என்று கேட்கிறீங்க. எடுத்தால் நான் பொய் சொன்னேன் என்று ஆகும். தவிர, எழுதினவளைக் கேட்காமல் வரி சேர்த்தேன் என்று கம்பெனிக்குத் தெரிந்தால் தொடரின் இரண்டாம் பாகம் என் கைக்கு வராது. நானும் பிழைக்க வேண்டும் அல்லவா?

அன்றிலிருந்து நான் போட்டால் அவள் நம்பர் அடிக்கவே இல்லை. மூன்று வாரம் பொறுத்தேன். நேற்றுக் கிளம்பி சேலம் வந்தேன். இன்று காலையில் அம்மாபேட்டைக்குப் போனேன்.

சுசீலா மாடியில் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. 'அவ இல்லைங்க' என்றாள்.

'எங்க?'

'வேலைக்குப் போயிருக்கா. ஸ்கேன் சென்டர்ல டோக்கன் நம்பர் கூப்பிடுற வேலை.'

'எழுதுறவளுக்கு நம்பர் கூப்பிடுற வேலையா?'

'எழுதுறதில்லைங்க இப்ப. அந்த மூணு விளையாட்டுக்கும் எழுதினதை எல்லாம் எடுத்துட்டா. கம்ப்யூட்டர்லயும் வச்சுக்கலை. ரெண்டு நாள் உக்காந்து ஒவ்வொண்ணா அழிச்சா, நான் பக்கத்துலதான் துணி வெட்டிட்டிருந்தேன்.' ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே கேட்டாள், 'நீங்க அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிட்டீங்களா?'

'சொல்லத்தான் வந்திருக்கேன்.'

'எங்கிட்ட எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே.'

அவள் பேச்சு எப்போதுமே இப்படித்தான், ஊசி குத்துகிற மாதிரி. நான் சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் நின்றது. இறங்கி வந்துவிட்டேன்.

விசாரித்துக்கொண்டு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். அங்கே டோக்கன் இல்லாமல் ஜன்னல் பக்கம் விடமாட்டார்களாம். எடுத்தேன். எழுபத்து மூன்று. ஓடிக்கொண்டிருந்தது நாற்பத்தொன்று. ஸ்பீக்கரில் அவள் குரல். 'நாற்பத்திரண்டு. நாற்பத்து மூணு.' என்ன குரல் தெரியுமா சார்! ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அவளைத்தான் பேச வைத்திருக்க வேண்டும் நான், ரோசலினை அல்ல. இடுப்பு வலிக்காரர் ஒருத்தர் நாற்பத்தேழு வைத்திருந்தார். பேசிப் பார்த்தேன், மாற்றிக் கொடுத்தார். பேசுகிற விதத்தில் பேசினால் எவனும் கொடுப்பான்.

'நாற்பத்தேழு.'

போய் ஜன்னல் முன்னால் நின்றேன். நிமிர்ந்து பார்த்தாள். முகம் மாறவே இல்லை.

'ஸ்கேன் எடுக்கணுமா, ரிப்போர்ட் வாங்கணுமா சார்?'

'மதி, நான் சொல்றதைக் கொஞ்சம்...'

'டாக்டர் சீட்டு இருக்கா?'

'இல்லம்மா. நான் என்ன நினைச்சேன்னா, ரெண்டாம் பாகத்துல நீயே உன் இஷ்டத்துக்கு...'

'சீட்டு இல்லாம பார்க்க மாட்டாங்க சார்.' மைக்கை இழுத்தாள். 'நாற்பத்தெட்டு.'

எனக்குப் பின்னால் ஒரு கர்ப்பிணிப் பெண் வந்து நின்றாள். நகர்ந்தேன். வேலை நேரத்தில் சொந்த விஷயம் பேசக் கூடாது என்று இருக்கிறாள். அதில் தப்பு சொல்ல முடியாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அறுபத்தைந்து வரைக்கும் கேட்டேன். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

என்ன சார்? அந்த வாக்கியத்தை உங்கள் போனைப் பார்த்துச் சொல்லணுமா, இப்போதா? பஸ்ஸிலா?

உங்கள் கூட்டத்தில் எத்தனை பேர் என்றீங்க? பதினெட்டாயிரமா? எல்லாரும் ஆடுகிறவர்களா? நீங்க போட்டால் நம்புவார்களா? ம். சொல்கிறேன் சார். அதில் என்ன இருக்கிறது, உங்களிடம் ஏறினதிலிருந்து சொல்லிக்கொண்டுதானே வருகிறேன். போனைக் கொஞ்சம் உயரமாகப் பிடிங்க, தாடை தொங்குகிற மாதிரி தெரியும். ஆரம்பிக்கலாமா?

'அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, நாற்பதாண்டுக் கால டப்பிங் துறையில்...'

அது வேண்டாமா? வாக்கியம் மட்டுமா? சரி, கட். மறுபடி.

'அந்த வரி எட்டாவது எபிசோடில் போடப்பட்டது.'

யாரால் என்றால்? சரி, சரி. மறுபடி.

'அந்த வரியைப் போட்டது நாங்கள்.'

ஏன், நாங்கள் என்றால் நானும் அதில்தானே வருகிறேன்? இம்தியாஸ் இல்லையா, ரோசலின் இல்லையா? இருங்க சார். தண்ணி இருக்கா? ரோசலினிடம் ஒரு 'ம்' சரியாக வருவதற்கு நாற்பது டேக் வாங்கியவன் நான், எனக்கு நாலாவதா இது? பஸ் குலுங்குகிறது, அதுதான். ஓடுதா? 

'அந்த வரியைப் போட்டது நான். நிறைமதிக்குத் தெரியாது. ஆனா, ஒரு அப்பன் மனசு...'

ஏன் நிறுத்துனீங்க? நன்றாகத்தானே வந்தது! கேட்டீங்க அல்லவா, நான் என்றேன், தெரியாது என்றேன், இரண்டும் சொன்னேன். அதற்கப்புறம் ஒரு ஆனா வரக் கூடாதா? இத்தனை பேர் என்னைக் கேலி செய்தார்கள், என் பக்கத்துக்கு ஓர் ஆனா கிடையாதா? முழுசாகப் போடுங்க, ஆனாவுக்கு அப்புறம் இரண்டு நிமிஷம் பேசிவிடுகிறேன்.

விழுப்புரம் வந்துவிட்டதா? நீங்க இங்கேதான் இறங்கணுமா? இருங்க, இருங்க. என்ன சொன்னீங்க? ஆனாவுக்கு முன்னாடியே வெட்டிப் போட்டுக்கிறீங்களா?

யாரைக் கேட்டு?

நான் பேசினதை வெட்டுவதற்கு நீங்க யார் சார்? ஒருத்தன் ஒன்று சொன்னால், அவன் சொன்ன மாதிரி இருக்கணும். அவனைக் கேட்காமல் அதில் ஒரு எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ எவனுக்கும் உரிமை கிடையாது. படித்தவர்தானே நீங்க? இது என்ன மரியாதை? அழிங்க. இல்லை, இப்பவே, என் கண் முன்னால். கண்டக்டர், ஒரு நிமிஷம், இவர் இறங்குவார். அழிங்க சார்.

அழிச்சாச்சா? காட்டுங்க.

போனில் குப்பைத்தொட்டி என்று ஒன்று இருக்குமே, முப்பது நாள் உள்ளே கிடக்கும். அதிலிருந்தும் எடுத்துடுங்க. எனக்குத் தெரியும் சார், நான் இந்தத் தொழிலில் இருக்கிறவன்.